ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

நம் பக்கத்துக்குப் புயல் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். கவலைப்பட வேண்டியது மழை கொட்டுகிற வேகத்தைப் பற்றித்தான். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ., 2024-ல் புதுச்சேரியில் ஒரே நாளில் அதே அளவு. வானிலைத் துறை 20.4 செ.மீ.-ஐத் தாண்டினாலே 'அதி கனமழை' என்கிறது, இது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காற்று 1 டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது, வங்கக்கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறது, அதனால் மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே ராத்திரியில் வந்து இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சூட்டில் நம் பங்கு குறைவுதான். இந்தியாவில் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் நாம் விடுகிற கார்பன் உலக சராசரியில் பாதிகூட வராது. பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்குக் கொடுக்க 2022-ல் எகிப்தில் நடந்த மாநாட்டில் ஒரு நிதி அமைக்க ஒத்துக்கொண்டார்கள், நல்லது, ஆனால் அந்தப் பணம் வந்து நம் தெரு வாய்க்கால் தூர்வாரப்படும் என்று உட்கார்ந்திருந்தால் பேரப்பிள்ளை காலத்திலும் முட்டிக்கால் தண்ணீரில்தான் நிற்போம். அதனால் ஒரு வீடு, ஒரு வயல், ஒரு தெரு தன் கையால் செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: அந்த வருஷம் புயலே வராவிட்டாலும் செலவு செய்த காசு திரும்பி வர வேண்டும்.

சித்திரை, வைகாசி: மாடியில் ஏறுங்கள்

கத்திரி வெயிலில் நம் ஊர்ப் பிரச்சினை வெறும் சூடு இல்லை, புழுக்கம். கடல் காற்றின் ஈரத்தில் வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. அதனால் வேலூர்க்காரர் 41 டிகிரியில் படுகிற பாட்டை நாம் 37-லேயே படுகிறோம். மொட்டைமாடி பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்து ராத்திரியில் உள்ளே இறக்குகிறது, ஆகவே மின்விசிறியை மாற்றுவதற்கு முன்னால் மாடியைக் கவனியுங்கள்.

மலிவான வழி சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே நீரில் போட்டு நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மாடியைப் பெருக்கிக் கழுவிவிட்டு இரண்டு பூச்சு கொடுங்கள். தளம் கொதிக்கும்போது பூசினால் காய்ந்து உதிரும், சாயங்காலம் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுப் பூசுங்கள். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும், மேல்தள வீட்டுக்காரருக்கு வித்தியாசம் அன்றைக்கு ராத்திரியே தெரியும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் பூச வேண்டும், அதில் சலிப்புப் படுகிறவர்கள் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் வாங்கிக்கொள்ளலாம், சில வருஷம் நிற்கும். ஆஸ்பெட்டாஸ், தகர ஷீட் வீடுகளுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும், ஷீட் மெல்லியது என்பதால்.

ஷீட் வீட்டுக்காரர்கள் ஏறினது ஏறினபடி இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். காற்று முதலில் பிடுங்குவது கூரையின் ஓரத்தையும் உச்சியையும்தான். அங்கே வெறும் ஆணி அடித்திருந்தால் கழற்றிவிட்டு, கீழே குழாயையோ சட்டத்தையோ வளைத்துப் பிடிக்கிற ஜே போல்ட்டை வாஷரோடு நெருக்கமாகப் போடுங்கள். கூரை மேல் செங்கல்லையும் அம்மிக்கல்லையும் அடுக்குகிற வழக்கத்தை விடுங்கள், ஷீட் கிளம்பினால் அந்தக் கல் பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் இறங்கும். மணல் மூட்டை பரவாயில்லை.

அடுத்தது சோலார். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று வைத்தார்கள், பதிவு செய்கிற அன்றைக்கு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும், நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். எல்லோரும் போடுகிறார்கள் என்று நீங்களும் போட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதை ஒட்டியே பில் வருகிற வீடென்றால் போட்ட காசு திரும்பப் பல வருஷம் ஆகும், அந்தப் பணத்தில் மாடிக்கு வெள்ளை அடித்து இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி வாங்கிவிடுங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட்டில் ஓடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடென்றால் சோலார் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

கம்பெனிக்காரர் தானாகச் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, சாதாரண சோலார் ஈ.பி. கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். தானே புயல் சமயத்தில் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அந்த நிலையில் மாடியில் 3 கிலோவாட் பலகை இருந்தும் செல்போன் சார்ஜ் போட வழியிருக்காது. வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள், விலை கூடும். இரண்டாவது, தாங்கிச் சட்டம். தானே புயல் கரை கடந்தபோது காற்று மணிக்கு 140 கி.மீ.-ஐ ஒட்டி இருந்தது. எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள், 150-க்குக் குறைந்தால் வேண்டாம். சட்டத்தின் காலைத் தளத்தின் மேல் சும்மா கான்கிரீட் கட்டியில் நிற்க வைத்துவிட்டுப் போவார்கள், கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், தளம் ஒழுகும் என்று சாக்குச் சொன்னால் ஒழுகாமல் அடைக்கிற மருந்து போடச் சொல்லுங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு பார்க்கும் வேலையோடு, எஞ்சினையும் வலையையும் புயலுக்கு எங்கே ஏற்றி வைப்பது என்று அப்போதே ஓர் இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூட வராந்தாவைத்தான் தேடுவார்கள்.

ஆனி, ஆடி: கீழே இருக்கிற தண்ணீர்

என்னைக் கேட்டால் நம் மாவட்டத்தில் புயலைவிடப் பெரிய ஆபத்து இதுதான், சத்தம் போடாது என்பதால் யாரும் பேசுவதில்லை. கடலோரத்தில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழே உப்புநீர் சுமார் 40 அடி ஏறிவிடும் என்பது பழைய நிலத்தடி நீர்க் கணக்கு. கடல் மட்டம் உயர உயர இது இன்னும் மோசமாகும். போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்ததும் இன்னும் ஆழமாகப் போடுகிறோம், அதாவது உப்பு இருக்கிற பக்கமாகவே போகிறோம்.

முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, மோட்டார் பத்து நிமிஷம் ஓடின பிறகு தண்ணீர் பிடித்துப் பார்த்து, மோட்டார் ரூம் சுவரிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். குடிக்க 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. சித்திரை எண் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனால் பக்கத்தில் எங்கோ அதிகம் இழுக்கிறார்கள், அல்லது நீங்களே இழுக்கிறீர்கள்.

மருந்து மழைநீர்தான். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கியாயிற்று, முக்கால்வாசி வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, அது போய்ச் சேருகிற குழி மண்மூடிக் கிடக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர். ஃபெஞ்சலின் 48 செ.மீ. என்றால் ஒரே மாடியில் 44,000 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நாலு லாரித் தண்ணீர். அவ்வளவையும் தெருவில் விட்டு வெள்ளத்தைக் கூட்டிவிட்டு, மே மாதம் லாரிக்கு போன் போடுகிறோம்.

கடலோர மணல் பூமியில் வேலை சுலபம். 3 அடி அகலம், 3 அடி நீளம், 5 அடி ஆழத்தில் குழி எடுத்து, உடைந்த செங்கல், மேலே கூழாங்கல், அதற்கும் மேலே ஒரு சாண் ஆற்றுமணல் போட்டால் போதும். மாடிக் குழாய் குழிக்கு வருகிற வழியில் 'T' வடிவ இணைப்பு ஒன்றை வைத்து அடியில் மூடி போட்டுக்கொள்ளுங்கள். பருவத்தின் முதல் இரண்டு மழைக்கு அந்த மூடியைக் கழற்றிவிட்டால் காக்கை எச்சமும் சருகும் வெளியே போய்விடும், அப்புறம் மூடிவிடலாம். காட்டுமன்னார்கோவில் பக்கம் மாதிரி களிமண் என்றால் குழி மட்டும் போதாது, நடுவில் மணல் தட்டுகிற ஆழம் வரை ஒரு துளை போட்டுக் குழாய் இறக்க வேண்டும். பயன்படுத்தாமல் விட்ட பழைய கிணறு இருந்தால் அதுவே பொக்கிஷம், அதைக் குப்பை போட்டு மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்று மட்டும், மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராக போருக்குள் விடாதீர்கள்.

வயல் வைத்திருப்பவர்களுக்கு

போர் தண்ணீரில் நவரை, சொர்ணவாரிப் பட்டத்து நெல் போடுகிறவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள். சொல் பழசுதான், அளந்து செய்வதுதான் புதுசு. 30 செ.மீ. நீளத்தில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒரு சாண் குறுக்களவுக்குக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பாதி நீளத்துக்குச் சுற்றிலும் துளை போட்டு, அந்தத் துளை போட்ட 15 செ.மீ.-ஐ மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கிற சேற்றைக் கையால் வழித்து எடுத்துவிடுங்கள். வரப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தினமும் எட்டிப் பார்க்க வசதி. வயலின் மேல் தண்ணீர் வற்றிப் போனாலும் குழாய்க்குள் மட்டம் தெரியும், மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை மோட்டார் போட வேண்டாம். இறங்கியதும் 5 செ.மீ. உயரம் நிற்கப் பாய்ச்சுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து ஆரம்பித்து, பூக்கும் சமயத்தில் மட்டும் முன்னால் ஒரு வாரம் பின்னால் ஒரு வாரம் தண்ணீர் வற்றாமல் வைத்துக்கொண்டால் விளைச்சல் குறையாது. களை கொஞ்சம் கூடும், கோனோவீடர் ஓட்ட வேண்டியிருக்கும்.

தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றிலிருந்துதான் மீத்தேன் வருகிறது, நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. காய விட்டால் பாதி வரை குறையும். ஆனால் விவசாயத்துக்கு கரண்ட் இலவசம் என்பதால் தண்ணீர் மிச்சமானால் எனக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு, அவர்களுக்கு மேலே சொன்ன 40 அடிக் கணக்குதான் பதில். பாகூர் பக்கமும் கடலூர் கடலோரத்திலும் நாம் மிச்சம் பிடிப்பது கரண்ட்டை இல்லை, நன்னீரை.

சம்பாவுக்கு இது பொருந்தாது, ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலைக் காய விடுவது நம் கையில் இல்லை. அங்கே ரகம்தான் முக்கியம். தாழ்ந்த வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 கேளுங்கள். சாதாரணப் பயிர் மூழ்கினால் வெளிச்சத்தைத் தேடி வேகமாக நீண்டு, இருக்கிற சத்தைத் தீர்த்துக்கொண்டு அழுகும். ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து எடுத்த சப்-1 மரபணு உள்ளது வளராமல் அப்படியே அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் போல மூழ்கியிருந்தாலும் வடிந்ததும் துளிர்க்கும். கதிர் வந்த பிறகு சாய்ந்தால் எந்த மரபணுவும் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உப்புத் தட்டுகிற நிலத்துக்குத் திருச்சி 3, அல்லது நாட்டு ரகத்தில் குழியடிச்சான்.

பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15, ஆனால் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கக் கூட்டம் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நிற்கும், மழையும் பெய்துகொண்டிருக்கும். நட்டதுமே கட்டிவிடுங்கள். இழப்பீடு பெரும்பாலும் ஊர் அளவில் அறுவடைச் சோதனை செய்துதான் முடிவாகிறது, என் வயல் மட்டும் போனது என்றால் கிடைக்காமல் போகலாம். புதுச்சேரிப் பகுதியில் இருப்பவர்கள் தங்கள் உழவர் உதவியகத்தில் விசாரியுங்கள், நடைமுறை வேறு.

வாழைக்குச் சவுக்குக் கழி முட்டு, தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குவது, முந்திரியிலும் பலாவிலும் அடர்ந்த கிளையைக் கழிப்பது, எல்லாம் புரட்டாசிக்குள். தானேயில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாக நடுகிறவர்கள் வேலி ஓரத்தில் பனை விதை போடுங்கள், கடற்கரையில் புன்னை. மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடியைச் சுத்தம் செய்கிறேன் என்று பிடுங்காதீர்கள், அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

ஆவணி, புரட்டாசி: தெருவும் காகிதமும்

வாய்க்கால் தூர்வாரக் கேட்பதற்கு அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்குத் தீர்மானம் போட்டு, மதிப்பீடு போட்டு, ஆள் வருவதற்குள் மழை வந்துவிடும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கொடுங்கள். 'வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் உறைக்காது. எந்த மதகு, எந்தக் கல்வெர்ட், எங்கே ஆகாயத்தாமரை, யார் வீட்டுப் படிக்கட்டு வாய்க்கால் மேல் நிற்கிறது என்று போட்டோவோடு எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்காமலே காலம் ஓடியது, கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும்தான் மனு கொடுக்க வேண்டும். எல்லை ஓரத்து ஊர்கள் இரண்டு பக்கமும் கொடுங்கள். பாகூர் ஏரிக்கே தண்ணீர் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் வருகிறது, வெள்ளம் எந்த அரசு என்று பார்த்து ஓடாது.

வீட்டில் போன வெள்ளம் எந்த உயரம் வரை வந்ததோ அதற்கு ஓரடி மேலே இன்வெர்ட்டர் பேட்டரியையும், கீழ்த்தளத்து பிளக்குகளையும் ஏற்றுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டு, போட்டோவும் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வையுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வார மாத்திரை கையில் இருக்கட்டும்.

எச்சரிக்கை வந்துவிட்டால்

மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார், சிவப்பு என்றால் இருக்கிற இடத்திலிருந்து செயலில் இறங்க வேண்டும். வாட்ஸ்ஆப் வானிலை நிபுணர்களை விட்டுவிட்டு வானிலைத் துறையின் மௌசம், பேரிடர் எச்சரிக்கைக்கான சசேத் இரண்டு செயலியையும் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும், முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரம் இரண்டாவதில்தான் விழும்.

ஆற்றோரத்தில் இருக்கிறவர்கள் உள்ளூர் வானத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஃபெஞ்சல் கரை கடந்தது நவம்பர் 30 இரவு. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்தது டிசம்பர் 2 அதிகாலை. மழை விட்டாயிற்று என்று ஈரத் துணியை உலர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் தென்பெண்ணை வீட்டுக்குள் வரும். கரை கடந்த பிறகும் இரண்டு மூன்று நாள் சாத்தனூர் நீர்மட்டத்தையும் திறப்பையும் பாருங்கள், கொள்ளிடக் கரை என்றால் மேட்டூரையும் கல்லணையையும். அணை திறக்கிற செய்தி நள்ளிரவில்தான் வரும், அந்த இரண்டு நாள் தெருவுக்கு ஓர் ஆள் முறை வைத்து விழித்திருங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

மெயினை அணைத்துவிட்டு உள்ளே போங்கள், எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மறுபடி போட வேண்டாம். போர், கிணறு மூழ்கியிருந்தால் சுகாதாரத் துறை ஆளைக் கூப்பிட்டு பிளீச்சிங் பவுடர் போடும் வரை கொதிக்க வைத்த தண்ணீர்தான். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று டாக்டரிடம் சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள்.

சுத்தம் செய்ய விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். வீட்டு நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று, சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி ஒன்று, நனைந்த சாமான், வயலென்றால் சர்வே எண் எழுதின அட்டையைக் கையில் பிடித்து இருப்பிடம் பதிகிற கேமராவில் ஒன்று. அறுத்துப் போட்ட கதிர் நனைந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுக்குத் தகவல் போக வேண்டும், வங்கியோ சங்கமோ வேளாண் அலுவலகமோ எதில் சொன்னாலும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கணக்கெடுக்க ஆள் வர ஒரு வாரம் ஆகலாம், அதுவரை சேற்றிலேயே உட்கார்ந்திருக்க முடியாது, போட்டோ இருந்தால் தாராளமாகக் கழுவிவிடலாம். சுவரில் நின்ற கோட்டை மட்டும் கழுவாமல், பெயின்டால் மேலே ஒரு கோடு இழுத்து வருஷத்தை எழுதி வையுங்கள், அடுத்த முறை பிளக்கை எந்த உயரத்தில் வைப்பது என்று எலக்ட்ரீஷியன் கேட்பார்.